பழைய தாரைச் சுரண்டாமல் புது ரோடு: வீட்டு வாசல் பள்ளமாவது ஏன்? ‘மில்லிங்’ விதி சொல்வது என்ன?

திருத்தணியிலிருந்து சோளிங்கர் பக்கம் போகிறவர்களுக்குத் தெரிந்த ஊர் கே.ஜி.கண்டிகை. ஒரு பக்கம் ஆந்திர எல்லை, இன்னொரு பக்கம் முருகன் மலை, நடுவில் ஏரிகளும் வயல்களும். இந்த வட்டாரத்தில் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எந்த ஊர் தெருவுக்குப் போனாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். இருபது, முப்பது வருடத்துக்கு முன்னால் கட்டிய வீடுகளில், தெருவிலிருந்து வாசலுக்கு ஏறுவதற்கு இரண்டு படி இருந்திருக்கும். இன்று அதே வாசலுக்குத் தெருவிலிருந்து இறங்க வேண்டியிருக்கிறது.

வீடு கீழே போகவில்லை. ரோடு மேலே வந்துவிட்டது.

“புது ரோடு போட்டாச்சு” என்பது நல்ல செய்திதான். ஆனால் பழைய தாரின் மேலேயே புதுத் தாரைக் கொட்டி உருளையை ஓட்டிவிட்டுப் போனால், அடுத்த ஐப்பசி மழையில் அந்த நல்ல செய்தி வீட்டுக்குள் தண்ணீராக வந்து நிற்கும். இதைத் தடுக்கத்தான் ‘மில்லிங்’ என்ற ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்தே ஆக வேண்டும் என்று தமிழக அரசின் உத்தரவும் இருக்கிறது. மில்லிங் என்றால் என்ன, எங்கே அது அவசியம், எங்கே அது மட்டும் போதாது, களிமண் தரையில் என்ன சிக்கல், உங்கள் தெருவில் வேலை தொடங்கினால் என்ன கேட்கலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

*2021இல் வந்த உத்தரவு என்ன?*

2021 மே மாதம் தமிழக அரசின் தலைமைச் செயலாளராக வெ.இறையன்பு பொறுப்பேற்றார். அதே மாதத்தில் சாலைப் பணிகள் தொடர்பாக அவர் துறைச் செயலாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் அனுப்பிய கடிதம் பரவலாகப் பேசப்பட்டது.

அதன் சாரம் எளிமையானது. சாலையைப் புதுப்பிக்கும்போது பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். எவ்வளவு கனத்துக்கு எடுத்தார்களோ, அதே கனத்துக்குத்தான் புதிய தளம் போட வேண்டும். சாலையின் மட்டம் உயரக் கூடாது. உயர்ந்தால் பக்கத்தில் இருக்கும் வீடுகள் தாழ்ந்துபோய், மழைநீர் வீடுகளுக்குள் புகும்.

பொறியாளர்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. சாலைகளுக்கான தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் அமைப்பு, 1934இல் தொடங்கப்பட்ட இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ். பழைய தார்த்தளத்தை எடுத்து மறுபடி பயன்படுத்துவது எப்படி என்பதற்கே ‘ஐ.ஆர்.சி 120’ என்ற தனி வழிகாட்டி நூலை அது 2015இல் வெளியிட்டிருக்கிறது. புத்தகத்தில் இருந்த விஷயத்தை எல்லாத் துறைகளுக்குமான கண்டிப்பான கட்டளையாக மாற்றியதுதான் அந்தக் கடிதத்தின் முக்கியத்துவம்.

*ஒரு தடவைக்கு 4 செ.மீ. தானே... அதுல என்ன?*

இங்கேதான் கணக்கு பேசுகிறது. தார்ச்சாலையின் மேல்தளம் பொதுவாக 3 முதல் 5 செ.மீ. கனம் இருக்கும். சராசரியாக 4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சுரண்டாமலே மேலே மேலே போட்டுக்கொண்டு போனால் 25 வருடத்தில் ஐந்து அடுக்கு. மொத்தம் 20 செ.மீ.

ஒரு சாதாரண வீட்டுப் படியின் உயரம் சுமார் 15 செ.மீ. அதாவது ஒரு தலைமுறைக்குள் ஒரு படிக்கும் அதிகமான உயரத்தைத் தெரு விழுங்கிவிடுகிறது. நடுவில் குழாய் பதிக்கத் தோண்டி, அதன் மேல் ஜல்லி கொட்டி மட்டம் செய்தால் இந்தக் கணக்கு இன்னும் கூடும்.

வசதி இருக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? வீட்டை இடித்து உயரமாகக் கட்டுகிறார்கள். இல்லையென்றால் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். சென்னையிலும் புறநகரிலும் இது இப்போது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. இந்த வேலையின்போது சுவர் இடிந்து தொழிலாளி உயிரிழந்த சம்பவமும் நடந்திருக்கிறது.

வசதி இல்லாதவர்கள் வாசலில் ஒரு அடிக்குச் சிமெண்ட் தடுப்பு கட்டுகிறார்கள். மழை வந்தால் வெளித் தண்ணீர் உள்ளே வராது, சரி. உள்ளே விழுந்த தண்ணீர் வெளியே போகாது. முற்றத்தில் நிற்கும் நீர், நிரம்பி எதிர்க்கும் கழிவுநீர்த் தொட்டி, வாசலில் இறங்க ஒருவர் கை தேவைப்படும் முதியவர்... தெருவை உயர்த்தியதன் செலவை கடைசியில் ஏற்பது தாழ்வான பழைய வீட்டில் இருப்பவர்கள்தான்.

*மில்லிங் எப்படி நடக்கிறது?*

மில்லிங் இயந்திரத்தின் வயிற்றுப் பகுதியில் ஒரு பெரிய உருளை இருக்கும். அதைச் சுற்றி டங்ஸ்டன் கார்பைடு முனை கொண்ட பற்கள். உருளை வேகமாகச் சுழன்று, செட் செய்த ஆழத்துக்குப் பழைய தாரைச் சுரண்டும். சுரண்டிய துகள் கன்வேயர் பட்டை வழியாக முன்னால் நிற்கும் டிப்பர் லாரியில் போய் விழும். தாரைச் சூடாக்குவது கிடையாது. குளிர்ந்த நிலையிலேயே நடக்கும் வேலை.

சுரண்டிய பிறகு அடுத்தடுத்து செய்ய வேண்டியவை:

1. தூசியை முழுசாகப் பெருக்கி, காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

2. பசை போலப் பிடிப்புத் தரும் தார்க் கரைசலைத் தெளிக்க வேண்டும். ‘டேக் கோட்’ என்று சொல்வது இதைத்தான். பழைய தார்த்தளத்தின் மேல் சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் வரை என்பது விதி. தூசி மேலே இது பிடிக்காது. பிடிக்காவிட்டால் புதுத் தளம் தோசை மாதிரி பெயர்ந்து வரும்.

3. சூடான தார்க் கலவையைப் பரப்ப வேண்டும். நம்மூரில் பரவலாகப் பயன்படும் வி.ஜி-30 ரகத் தார் என்றால், பரப்பும்போது கலவையின் வெப்பம் குறைந்தது 140 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் உருளை வேலை முடிந்திருக்க வேண்டும்.

4. நடுவில் சற்று மேடாகவும் இரு ஓரமும் சரிவாகவும் இருக்க வேண்டும். 3.5 மீட்டர் அகலத் தெருவில் 2 சதவீதச் சரிவு என்றால், ஓரத்தைவிட நடுப்பகுதி 3.5 செ.மீ. உயரமாக இருக்கும். இந்தச் சின்ன மேடு இல்லாவிட்டால் தண்ணீர் ரோட்டிலேயே நிற்கும். தாருக்கு முதல் எதிரி தேங்கும் தண்ணீர்தான்.

ஒரு சின்னத் தகவல்: நாம் ‘தார்’ என்று சொன்னாலும் இன்றைய சாலைகளில் போடுவது பிட்டுமின். மணலியில் இருக்கும் சிபிசிஎல் போன்ற கச்சா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து வருவது. உண்மையான தார் நிலக்கரியிலிருந்து எடுப்பது. பேர் மட்டும் பழக்கத்தில் ஒட்டிக்கொண்டது.

*சுரண்டிய தார் எங்கே போகுது?*

இது யாரும் அதிகம் கேட்காத கேள்வி. கேட்க வேண்டிய கேள்வி.

100 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம் உள்ள ஒரு தெருவில் 4 செ.மீ. சுரண்டினால் 14 கன மீட்டர் துகள் கிடைக்கும். எடை சுமார் 32 டன். அதில் 5 சதவீதம் பிட்டுமின் என்று வைத்தாலே ஒன்றரை டன்னுக்கு மேல் வருகிறது. மிச்சம் எல்லாம் உடைத்த கருங்கல் ஜல்லி. இரண்டுமே காசு கொடுத்து வாங்கிய பொருள், அதுவும் மக்கள் காசு.

இந்தத் துகளைப் புதுத் தாரோடு குறிப்பிட்ட அளவு கலந்து மறுபடி ரோடு போடலாம். பழைய பிட்டுமின் வெயிலிலும் காற்றிலும் இறுகிப்போயிருக்கும் என்பதால், அதற்கு ஏற்ற ரகத் தாரோ, இளக்கும் பொருளோ சேர்த்து ஆலையில் கலப்பார்கள். அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளில் இது அன்றாட நடைமுறை. அது முடியாத இடத்தில், சாலையின் அடித்தளத்திலோ ஓரத்து மண் பகுதியிலோ போட்டு இறுக்கலாம்.

கருங்கல் குவாரிகளால் மலைகள் குறைந்துகொண்டு வரும் மாநிலத்தில், ஒவ்வொரு லோடு பழைய ஜல்லிக்கும் மதிப்பு இருக்கிறது. அதை ஏரிக்கரையிலும் கால்வாயிலும் கொட்டுவது இரட்டை நஷ்டம்.

*களிமண் தரையில் சுரண்டினால் மட்டும் போதுமா?*

போதாது. இந்தப் பகுதிதான் கே.ஜி.கண்டிகை மாதிரி ஏரியும் வயலும் ஒட்டிய ஊர்களுக்கு முக்கியம்.

களிமண்ணுக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் வற்றிய ஏரியின் அடியில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் மண்ணைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலையை ரோட்டுக்கு அடியிலும் அந்த மண் செய்யும். மழைக்காலத்தில் ரோட்டைத் தூக்கும், கோடையில் கீழே விடும். நான்கைந்து வருடம் இப்படித் தூக்கித் தூக்கி விட்டால் எந்தத் தாரும் தாங்காது. அதற்கு மேல் ஜல்லி ஏற்றிய டிப்பர்கள் ஓடினால் கேட்கவே வேண்டாம்.

அதனால்தான் சுரண்டுவதற்கு முன்னால் வெடிப்பைப் படிக்கச் சொல்கிறார்கள் பொறியாளர்கள். மூன்று வகை வெடிப்புகளைச் சாதாரண ஆளே அடையாளம் காணலாம்.

முதல் வகை, மேலோட்டமானது. தார் வெளிறி, ஜல்லி தனித்தனியாக உதிரும். ரோடு உள்வாங்கியிருக்காது. இது வயதான மேல்தளம் மட்டும்தான். மில்லிங் செய்து புதுத் தளம் போட்டால் சரியாகிவிடும்.

இரண்டாவது, முதலைத் தோல் வெடிப்பு. சின்னச் சின்னக் கட்டமாக வெடித்து, சக்கரம் போகிற தடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். மழைக்குப் பின் வெடிப்பு வழியாகச் சேறு மேலே வந்தால் நிச்சயம் அடித்தளம் போய்விட்டது என்று அர்த்தம். இங்கே மேலே 4 செ.மீ. சுரண்டி 4 செ.மீ. போடுவது, ஓதம் ஏறிய சுவருக்கு வெள்ளை அடிக்கிற மாதிரிதான்.

மூன்றாவது, ரோட்டு ஓரமாக நீளவாக்கில் ஓடும் வெடிப்பு. ஓரத்து மண் நனைந்தும் காய்ந்தும் அசைவதால் வருவது. ஓரத்தில் வடிகால் இல்லை என்பதற்கான அறிகுறி.

இரண்டாவது வகை வந்த இடத்தில், அந்தப் பகுதியை மட்டுமாவது அடி வரை தோண்டி எடுக்க வேண்டும். சாலை அடுக்குகளுக்குக் கீழே இருக்கும் முதல் 50 செ.மீ. மண்தான் முழுப் பாரத்தையும் சுமக்கிறது. சாலை வடிவமைப்புக்கான ஐ.ஆர்.சி 37 விதி இந்த 50 செ.மீட்டரை நன்றாக இறுக்கச் சொல்கிறது. தண்ணீரில் 50 சதவீதத்துக்கு மேல் உப்பும் மண்ணை நிரப்புவதற்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிமுறை.

அப்படியென்றால் களிமண் ஊரில் என்ன செய்வது? மூன்று வழி. மோசமான மண்ணை எடுத்துவிட்டு நல்ல கிராவல் போட்டு இறுக்குவது. அல்லது அதே மண்ணில் சில சதவீதம் சுண்ணாம்பு கலந்து, ஈரப்பதம் பார்த்து இறுக்குவது. சுண்ணாம்பு களிமண்ணின் உப்பும் குணத்தை அடக்கும். மூன்றாவது, மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, சேறு மேலே ஏறாமல் தடுப்பது. எந்த வழியில் போனாலும் தண்ணீர் வெளியேற ஓரக் கால்வாய் வேண்டும். கால்வாய் இல்லாத களிமண் ரோட்டுக்கு எவ்வளவு செலவு செய்தாலும் பலன் நீடிக்காது.

*எல்லாத் தெருவிலும் மெஷின் ஓட்ட முடியுமா?*

முடியாது. இதையும் சொல்லியாக வேண்டும்.

கிராமச் சாலைகள் பலவற்றில் தார்த்தளம் வெறும் 2 செ.மீ. கனம்தான். கீழே ஜல்லி அடுக்கு. அங்கே பெரிய மில்லிங் இயந்திரம் இறக்கினால் தாரோடு ஜல்லியும் பெயர்ந்து வந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் மேலே இருப்பதைக் கொத்திக் கிளறி, அதே ஜல்லியோடு கலந்து, மட்டம் பார்த்து இறுக்கி, அதன் மேல் புதுத் தளம் போடுவதுதான் முறை. இதிலும் முடிவு மட்டம் பழைய மட்டத்தைத் தாண்டக் கூடாது.

குறுகிய தெருவில் பெரிய இயந்திரம் திரும்பாது. சின்ன இயந்திரமோ, பொக்லைனோ வைத்துப் பெயர்ப்பார்கள். அவசரத்தில் பொக்லைன் பல் குடிநீர்க் குழாயில் பட்டால், அடுத்த வாரமே புது ரோட்டைத் தோண்ட வேண்டி வரும். குழாய் எங்கே போகிறது என்று முன்கூட்டியே குறித்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, நகரங்களில் அடிக்கடி எழும் புகார். சுரண்டிப் போட்டுவிட்டு நாள் கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். வரி வரியாகச் சொரசொரப்பாக இருக்கும் தளத்தில் டூவீலர் சக்கரம் வழுக்கும். பாதாளச் சாக்கடை மூடி மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். இரவில் அதில் மோதி விழுந்தால் பொறுப்பு யார்? சுரண்டிய இடத்தில் எச்சரிக்கைப் பலகையும் ஒளிரும் தடுப்பும் வைப்பதும், சீக்கிரமே தளம் போடுவதும் வேலையின் ஒரு பகுதி.

*சொந்த இடத்தில் போட்ட தார்த்தளம் என்றால்?*

கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க், பள்ளி வளாகம், கேட்டிலிருந்து போர்டிகோ வரை தார் போட்ட வீடு... எல்லாவற்றுக்கும் இதே விதிதான். பழைய தளம் அங்கங்கே உள்வாங்கி, முதலைத் தோல் போல வெடித்திருந்தால் முழுசாகப் பெயர்த்து எடுப்பதே மிச்சம். எடுத்த பிறகு தரையில் ஒரு கடப்பாரையைக் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால், ஈரக் களிமண் ஒட்டிக்கொண்டு வந்தால், மண்ணைச் சரிசெய்யாமல் மேலே எதைப் போட்டாலும் காசு வீண். பேவர் பிளாக் கல் பதித்தாலும் அதே களிமண் அதையும் மேடு பள்ளமாக்கும். ஒரே வசதி, அந்தக் கல்லைக் கழற்றி மறுபடி பதிக்கலாம்.

சரிவு எப்போதும் வீட்டிலிருந்து வெளியே போக வேண்டும். வேலையை மாசி முதல் ஆனிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. ஈரத் தரையில் தார் ஒட்டாது, ஈரக் களிமண் இறுகாது.

*உங்கள் தெருவில் வேலை தொடங்கினால் என்ன கேட்கலாம்?*

முதலில் அது யாருடைய ரோடு என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, மாநில நெடுஞ்சாலைத் துறை, தேசிய நெடுஞ்சாலை என்று பொறுப்பு மாறும். திருத்தணி வழியாகப் போகும் சென்னை - திருப்பதி சாலை தேசிய நெடுஞ்சாலை. அதிலிருந்து பிரியும் உங்கள் தெரு வேறு கணக்கு.

மதிப்பீட்டில் மில்லிங் இருக்கிறதா, எத்தனை மில்லி மீட்டர் என்று கேளுங்கள். வேலைக்கு முன்பும் பின்பும் வீட்டு வாசலில் ஒரு அளவுகோல் வைத்து போட்டோ எடுத்து வையுங்கள். நிலைப்படியிலிருந்து ரோடு எத்தனை செ.மீ. கீழே என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஊராட்சி என்றால் கிராம சபையில் பேசலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. மாநில நெடுஞ்சாலைத் துறை சாலையில் பள்ளம் என்றால் 2023இல் அறிமுகமான ‘நம்ம சாலை’ செயலியில் படத்தோடு பதிவு செய்யலாம். முதல்வரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண்ணில் பேசலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் ஆவண நகல் வாங்குவதோடு அது முடிவதில்லை. நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைக் கேட்டு வாங்கவும் அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு உரிமை தருகிறது. பதில் தர 30 நாள் அவகாசம். எத்தனை டன் சுரண்டினார்கள், அது எங்கே போனது என்பதையும் அதிலேயே கேட்கலாம்.

*ஏன் இது முக்கியம்?*

ரோடு இல்லை என்று போராடிய காலம் ஒன்று இருந்தது. இன்று பெரும்பாலான ஊர்களில் ரோடு இருக்கிறது. அது எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதுதான் இப்போதைய கேள்வி. 2021 உத்தரவு காகிதத்தில் தெளிவாக இருக்கிறது. அது தெருவில் நடக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. புது ரோடு போட்ட அன்று உங்கள் வாசல் படியை எண்ணிப் பாருங்கள். நேற்று இருந்த படி இன்றும் இருந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது.